புள்ளியியலாளரை மேற்கோள் எண்ணிக்கையால் எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதவி உயர்வுக் கோப்புகளைச் சரிபார்க்கும் குழு ஒன்றில் சில வருடம் இருந்தேன். புள்ளியியல் பேராசிரியர் ஒருவரின் இருபது வருட உழைப்பு அங்கே மூன்று எண்களுக்குள் அடங்கிவிடும்: கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் சுட்டிக்காட்டிய மேற்கோள்கள் எத்தனை, இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு. எண்களை எப்படிப் படிப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறவரையே எண்களைத் தப்பாகப் படித்து எடைபோடுகிறோமே என்று ஆற்றாமையாக இருக்கும்.

அடிக்கடி பார்த்த தவறு, துறையைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிடுவது. மூலக்கூறு உயிரியலில் கட்டுரை வந்த ஓரிரு வருடத்திலேயே மேற்கோள்கள் குவிய ஆரம்பித்துவிடும். புள்ளியியல் கோட்பாட்டுக் கட்டுரை பரிசீலனையைத் தாண்டி அச்சேறவே அவ்வளவு காலம் ஆகலாம். அதைப் படித்து இன்னொருவர் எழுதி, அதுவும் அச்சேறி, மேற்கோளாக வந்துசேர இன்னும் சில வருடம். ஆய்விதழ் ஒன்றின் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் கிடைக்கிறது என்று சொல்லும் வழக்கமான இம்பாக்ட் ஃபேக்டரோ, அதில் முந்தைய இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகளை மட்டும்தான் பார்க்கிறது.

சரி, துறைக்குள்ளேயே ஒப்பிட்டால் போதுமா? போதாது. இம்பாக்ட் ஃபேக்டர் ஒரு சராசரி. மேற்கோள்கள் சொத்துக்கணக்கு மாதிரி: சில கட்டுரைகள் அள்ளிக்கொண்டு போகும், நிறையக் கட்டுரைகளுக்கு ஒன்றிரண்டுதான் கிடைக்கும். இப்படி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும் தரவில், ஆய்விதழின் சராசரியை வைத்து அதில் வந்த ஒரு கட்டுரையின் தரத்தைச் சொல்ல முடியாது. சர்வதேசக் கணித ஒன்றியமும் வேறு இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 2008-இல் வெளியிட்ட அறிக்கை இந்தத் தவறையெல்லாம் விளக்கிச் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டில் ஒன்று புள்ளியியலாளர்களின் அமைப்பு.

ஹெச்-இண்டெக்ஸ் 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. குறைந்தது 12 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 12 இருந்தால் இண்டெக்ஸ் 12. ஒருவர் 12 கட்டுரை எழுதி ஒவ்வொன்றுக்கும் 12 மேற்கோள் வாங்கியிருக்கிறார். இன்னொருவர் எழுதியது ஐந்தே கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் மேற்கோள். முதலாமவருக்கு 12, இரண்டாமவருக்கு வெறும் 5. புள்ளியியலில் இந்த இரண்டாவது வகை ஆட்கள் உண்டு. பல வருடம் ஒரே கணக்கோடு உட்கார்ந்திருந்து, கடைசியில் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்துகிற ஒரு முறையைத் தந்துவிட்டுப் போவார்கள்.

இதை யோசிக்கும்போதெல்லாம் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ்தான் நினைவுக்கு வருவார். 1945-இல் கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். புள்ளியியல் உலகம் அதிகம் புரட்டாத இதழ் அது. அந்த ஒரே கட்டுரையில், ஒரு மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு எல்லை வகுக்கும் கிராமர்–ராவ் வரம்பு இருந்தது, மதிப்பீட்டை மேம்படுத்த வழிகாட்டும் ராவ்–பிளாக்வெல் தேற்றம் இருந்தது, புள்ளியியலை வடிவியல் கண்ணால் பார்க்கும் தகவல் வடிவியல் என்று பிற்பாடு வளர்ந்த துறைக்கான விதையும் இருந்தது. அந்தப் பணியைச் சொல்லிப் புள்ளியியலுக்கான சர்வதேசப் பரிசை அவருக்கு அறிவித்தது 2023-இல். அப்போது அவருக்கு 102 வயது. இரண்டு வருட ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

இன்னொன்றும் கவனியுங்கள். கிராமர்–ராவ் வரம்பைப் பயன்படுத்துகிற பலரும் 1945 கட்டுரையைக் குறிப்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை. முறையின் பெயர் பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டால் மேற்கோள் நின்றுவிடும். கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த கோசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் எழுதிய கட்டுரைக்கும் இதே கதைதான். சிறு மாதிரிகளின் சராசரியைச் சோதிக்கும் டி-டெஸ்ட் அதிலிருந்து வந்ததுதான். அதைப் போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார்கள்?

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மருத்துவ ஆய்வுகளில் புள்ளியியலாளர் இணையாசிரியராக, பெரும்பாலும் நடுவில் எங்கேயோ இருப்பார். அந்தக் கட்டுரைக்கு வரும் ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் அவர் கணக்கிலும் ஏறும். அந்த உழைப்பும் உண்மையானதுதான், சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புதிய முறையை உருவாக்கியதையும் இருக்கிற முறையைச் சரியாகப் பயன்படுத்தியதையும் ஒரே கூட்டுத்தொகையில் போட்டால் இரண்டுமே தெரியாமல் போய்விடும். பெயர் வரிசைக்கு மதிப்பெண் போடும்போதும் நிதானம் வேண்டும். கோட்பாட்டுக் கட்டுரைகள் பலவற்றில் பெயர்கள் அகர வரிசையில்தான் வரும்.

அப்புறம், மேற்கோள்களை எண்ணித் தரும் தளங்களில் கூகுள் ஸ்காலர் எண்ணை ஒருவருக்கும் ஸ்கோபஸ் எண்ணை இன்னொருவருக்கும் வைத்து ஒப்பிடக் கூடாது. முன்னது ஆய்வேடுகளையும் அச்சேறாத பிரதிகளையும்கூட எண்ணும்.

நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கல் தனியாக இருக்கிறது: இனிஷியல். நாம் போடும் ஒற்றை எழுத்தை வெளிநாட்டு ஆய்விதழ் விரித்து எழுதச் சொல்லும். எழுதினால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், கட்டுரை அவர் பெயரில் போய் உட்காரும். முதல் கட்டுரைக்கு முன்பே ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் எடுத்துவிடுங்கள் என்று என் மாணவர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். பதினாறு இலக்கம், இலவசம், பெயர் எப்படி மாறினாலும் மாறாது. எங்கள் குழுவுக்கு வந்த ஒரு கோப்பில் மண்ணியல் கட்டுரைகள் ஏழு இருந்தன. அதே பெயர் கொண்ட வேறொருவருடையவை. அவற்றை நீக்கியதும் அந்தப் பேராசிரியரின் எண்ணிக்கை சரிந்தது, முகம் வாடிவிட்டது. பிறகு அவருடைய அப்பா பெயரில் தேடினோம். பேராசிரியர் எழுதிய நான்கு கட்டுரைகள் அங்கே தனிக் கணக்காகக் கிடந்தன; அவருடைய சிறந்த கட்டுரையும் அதில் ஒன்று.