மலை ஊருக்குப் பேருந்து: சேர்வராயன் மலை மக்களோடு சேர்ந்து வழித்தடம் போடும் முறை

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வரும் சாலையில் பேருந்துக்குப் பஞ்சமில்லை. ஏற்காட்டிலிருந்து நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் பக்கம் பிரிந்து, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உள்ளே போகும் கிளைச் சாலைகள்தான் சிக்கல். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் (கேரள மலையாளிகள் அல்ல, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்). அவர்கள் ஊருக்கு வழித்தடம் கேட்க விரும்பும் இளைஞர்கள், மகளிர் குழுவினர், தன்னார்வலர்கள் ஆகியோருக்கான விளக்கம் இது. மனு எழுதத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழித்தடமும் நேரமும் நிறுத்தமும் ஊரில் முடிவாகி, அதன் பிறகு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அலுவலகத்தில் முடிவாகி ஊருக்கு வந்த நேர அட்டவணைக்கு ஆள் ஏறுவதில்லை. ஆள் ஏறாவிட்டால் கலெக்‌ஷன் இல்லை என்று நடையைக் குறைப்பார்கள், பிறகு நிறுத்தியும் விடுவார்கள்.

முதல் படி: கிராம சபைக்கு முன்னால் ஊர்க்கூட்டம்

தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி (பழங்குடியினருக்கான தனிப் பகுதி) என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் அத்தகைய பகுதிகளின் ஊராட்சிகளுக்கான பெசா சட்டம் இங்கே பொருந்தாது; பழங்குடி ஊருக்கென்று தனிக் கிராம சபை அதிகாரம் அந்த வழியில் கிடைக்காது. நம்மிடம் இருப்பது 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கிராம சபை. ஒரு ஊராட்சியில் பல சிற்றூர்கள் இருக்கும், சபை ஓர் இடத்தில் கூடும். பேருந்து இல்லாத கடைசி ஊர்க்காரர் அந்தச் சபைக்கு வருவதே கஷ்டம். ஆகவே ஒவ்வொரு சிற்றூரிலும் தனித்தனியே கூட்டம் போடுங்கள். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரையும் பெரியவர்களையும் முன்கூட்டியே பார்த்துப் பேசி, அவர்கள் சொல்லும் நாளில் கூட்டுங்கள். மாலை ஆறரைக்கு மேல் வைத்தால்தான் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வர முடியும். பெண்களோடு தனியாக அரை மணி நேரம் பேசுவது கட்டாயம். பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் எந்தக் கிழமை போகிறார்கள் என்பதை ஆண்கள் சரியாகச் சொல்ல மாட்டார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் உடனிருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாம் படி: ஊரின் நாளைத் தாளில் வரைதல்

ஒரு சார்ட் தாளில் காலை 5 முதல் இரவு 9 வரை கோடு போடுங்கள். தோட்ட வேலை தொடங்கும் நேரம், பள்ளி மணி, ரேஷன் நாள், வாரச்சந்தை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிகளைப் பார்க்கும் நேரம் எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். எதற்கு எத்தனை பேர் என்று பக்கத்தில் எழுதுங்கள். செல்போன் செயலியை விட இதற்குத் தாள்தான் மேல். எல்லோரும் சுற்றி நின்று திருத்துவார்கள்.

பலர் விட்டுவிடுவது பருவத்தை. காப்பிப் பழம் பறிப்பு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஓடும், மிளகு அதை ஒட்டி வரும். அந்த மாதங்களில் காலைக் கூட்டம் கூடும், மூட்டையும் ஏறும். ஜூன் மாதத்தில் கணக்கெடுத்தால் பாதிதான் தெரியும். இன்னொன்று, உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள். வார விடுமுறைக்கு வெள்ளி மாலை வீடு வந்து திங்கள் காலை திரும்புவார்கள். தினசரிச் சராசரியில் அந்த இரண்டு நடைகளும் காணாமல் போய்விடும்.

மூன்றாம் படி: சாலையை அளப்பது

கோரிக்கைகள் பெரும்பாலும் நின்றுபோவது இங்கேதான். ‘பேருந்து திரும்ப இடமில்லை’ என்று ஒரு வரி எழுதினால் கோப்பு மூடிவிடும். அதற்கு முன்னால் அளவு நம் கையில் இருக்க வேண்டும்.

வேண்டியவை: 30 மீட்டர் நாடா டேப், சுண்ணாம்புக் கட்டி, சிவப்புத் துணியோடு இரண்டு பேர். வண்டியை நிறுத்தி விடுவதற்காக அவர்கள் வளைவின் இரு பக்கமும் நிற்க வேண்டும்.

சாலை அமைப்புக்கு விதி வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர். கிராமச் சாலையானால் வளைவின் உச்சியில் சாலை அகலம் 6.5 மீட்டர். ஆரத்தை எப்படி அளப்பது? வளைவின் உள் ஓரத்தில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து டேப்பை நேராக இழுங்கள். டேப்பின் நடுவிலிருந்து, அதாவது 5 மீட்டரில், சாலை ஓரம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளங்கள். அந்த இடைவெளி 90 சென்டிமீட்டர் என்றால் ஆரம் ஏறத்தாழ 14 மீட்டர். 1 மீட்டர் என்றால் 13. ஒன்றரை மீட்டர் என்றால் 9. இரண்டு மீட்டரானால் 7 சொச்சம்தான். இடைவெளி கூடக் கூட வளைவு இறுக்கம். உள் ஓரத்தில் மண்மேடு இருந்து டேப் நேராக நிற்கவில்லையா? வெளி ஓரத்தில் அளந்து, வரும் ஆரத்திலிருந்து சாலை அகலத்தைக் கழித்துவிடுங்கள். இந்தக் கழித்தலை மறந்தால் இறுக்கமான வளைவும் தாராளமாகத் தெரியும். புலத்தணிக்கைக்கு வரும் மோட்டார் வாகன ஆய்வாளர் முதல் வளைவிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

14 மீட்டர் இல்லையென்றால் உடனே கைவிட வேண்டியதில்லை. நீளப் பேருந்துக்குப் பதிலாகக் குட்டை மினி பஸ் கேளுங்கள். சந்தேகமுள்ள வளைவில் அதே நீள லாரியோ வேனோ பின்னால் எடுக்காமல் திரும்புகிறதா என்று பார்த்து, வண்டியின் நீளத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை வழிச் சாலையில், எதிரே வரும் வண்டிக்கு வழிவிட நிற்கும் ஒதுங்குமிடமும் முக்கியம். விதிப்படி கிலோமீட்டருக்கு இரண்டு அல்லது மூன்று வேண்டும். 3.75 மீட்டர் கூடுதல் அகலம், சாலைப் பக்கம் 30 மீட்டர், உள்பக்கம் 20 மீட்டர் நீளம். இருக்கும் ஒதுங்குமிடங்களையும் கடைசி ஊரின் திருப்புமிடத்தையும் இணையம் இல்லாமலும் இயங்கும் ஓஸ்மாண்ட் வரைபடச் செயலியில் பதியுங்கள். கூகுள் மேப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்: சிக்னல் இல்லாத இடத்தில் திணறும், தோட்டத்துக்குள் போகும் தனியார் பாதையையும் பொதுச்சாலை போலக் காட்டிவிடும். வழித்தடம் பொதுச்சாலையில்தான் இருக்க வேண்டும். எந்தத் துண்டு ஊராட்சி ஒன்றியத்தது, எது நெடுஞ்சாலைத் துறையது, எது எஸ்டேட்டுடையது என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுப் பிரித்து எழுதுங்கள்.

நான்காம் படி: ஓட்ட நேரம்

சமவெளிக் கணக்கு மலையில் எடுபடாது. எடுத்துக்காட்டாக 14 கிலோமீட்டர் வழித்தடம். மணிக்கு 30 என்று போட்டால் 28 நிமிடம். மலையில் 18-தான் தேறும் என்றால் 47 நிமிடம். பத்து நிறுத்தத்துக்கு அரை நிமிட வீதம் ஐந்து, திருப்பி நிறுத்த ஐந்து. ஒரு நடை ஒரு மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும். 28 என்று அட்டவணை போட்டால் நான்காவது நடையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாமதம். பள்ளிப் பிள்ளைகளின் மாலை நடைதான் அதில் அடிபடும். மழை, பனிமூட்டக் காலத்துக்கு இன்னும் பத்து நிமிடம் சேருங்கள்.

ஐந்தாம் படி: இரவுத் தங்கல்

காலை ஆறரைக்கு ஊரிலிருந்து கிளம்ப வேண்டுமானால் பேருந்து முந்தின இரவு ஊரிலேயே நிற்க வேண்டும். காலையில் கீழிருந்து காலி வண்டி ஏறி வர டீசல் செலவு, எந்தக் கிளை மேலாளரும் ஒப்பமாட்டார். ஓட்டுநர், நடத்துநர் தங்கப் பூட்டுள்ள அறை, தண்ணீர், கழிப்பறை, வண்டி நிற்க விளக்குள்ள இடம் இவற்றை ஊர் தரும் என்று தீர்மானத்தில் எழுதுங்கள். பணம் கேட்காமல் ஊர் தரக்கூடிய பங்கு இது. கோரிக்கைக்கு எடை கூட்டுவதும் இதுதான்.

ஆறாம் படி: தீர்மானமும் மனுவும்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோரம், அதாவது வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ‘பேருந்து வசதி வேண்டும்’ என்று ஒரு வரித் தீர்மானம் போட்டால் ஒரு வரிப் பதில்தான் வரும். புறப்படும் இடம், முடியும் இடம், கிலோமீட்டர், நிறுத்தங்களின் பெயர், ஒவ்வொரு நடையின் நேரம், வண்டியின் நீளம், இரவுத் தங்கல் எல்லாம் தீர்மானத்திலேயே இருக்கட்டும். தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்தாலும் முறை இதேதான்.

தீர்மான நகலோடு அளவுத் தாளையும் இணைத்து அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர் (ஆர்.டி.ஓ.) இருவருக்கும் கொடுங்கள். திங்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து மனு எண் வாங்குங்கள். போக்குவரத்துக் கழகம், ஆர்.டி.ஓ. என்று இரண்டு கதவையும் தட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய மினி பஸ் திட்டத்தில் தனியார் 25 கிலோமீட்டர் வரை ஓட்டலாம், பெரும்பகுதி பேருந்தில்லாத சாலையாக இருக்க வேண்டும். நம் ஊர்களுக்கு அது பொருந்தும். ஆனால் பெண்கள் இலவசமாகப் போகும் மகளிர் விடியல் பயணம் அரசின் சாதாரணக் கட்டணப் பேருந்துக்கானது, தனியார் வண்டிக்குத் தானாக வராது. தோட்டக் கூலியில் தினமும் இரண்டு டிக்கெட் என்பது பெரிய தொகை. என் முதல் தேர்வு அரசுப் பேருந்துதான். எந்த வகைப் பேருந்து என்பதையும் மனுவில் கேட்டு எழுதுங்கள்.

பின்சேர்க்கை: வளைவை அகலப்படுத்தக் காட்டு நிலம் தேவைப்பட்டால்

இதைப் பலர் கேட்டதால் சேர்க்கிறேன். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் சாலை உட்பட 13 வசதிகளுக்கு வழி உண்டு. ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். இந்தச் சட்டத்தின் விதிகளில் கோரம் வேறு: உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஊராட்சி கோரத்தை வைத்து இதற்குத் தீர்மானம் போட்டுவிட்டால் வன அலுவலகத்தில் திருப்பி அனுப்ப அதுவே காரணமாகிவிடும். வருகைப் பதிவேட்டில் பெண்களின் கையெழுத்தைத் தனிப் பக்கத்தில் வாங்கி, இரு எண்ணிக்கையையும் தீர்மானத்தின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.