வெளிநாட்டில் ஸ்கூட்டர் வாங்கும் முன்

வெளிநாட்டில் குடியிருப்பவர் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்க முற்படும்போது, விலை பேசுவதற்கு முன்பே பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கி, அதிலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்க்க வேண்டும். எண் பொறித்த இடம் சுரண்டப்பட்டிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டி வேண்டாம். உங்கள் விசாவில் வண்டியைச் சொந்தப் பெயரில் பதிவு செய்ய முடியுமா என்பதையும் பதிவு அலுவலகத்தில் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் உரிமத்தில்தான் பலர் கவனக்குறைவாக இருந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். சாலைப் போக்குவரத்து குறித்த 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்கே செல்லும். அதிலும் இருசக்கர வாகனப் பிரிவுக்கு நேரே முத்திரை இல்லையென்றால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கக்கூடும்.