தேதியை முதலில் அறிவிக்காதீர்கள்: புகழ்பெற்ற நீராவி இன்ஜினை மீட்டெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் அளவுக்கு உலகம் பெயர் சொல்லி அறிந்த நீராவி இன்ஜின் வேறில்லை. நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து, இங்கிலாந்தின் டான்காஸ்டர் பணிமனையில் 1923-ல் உருவானது. 1934 நவம்பர் 30-ல் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டது. ஐயத்துக்கு இடமின்றி அந்த வேகம் பதிவான முதல் நீராவி இன்ஜின் இதுவே. 1963-ல் பணி ஓய்வு பெற்றதும் தனியார் ஒருவர் 3,000 பவுண்டுக்கு வாங்கினார். அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றி, பல கை மாறி, 2004-ல் 23.1 லட்சம் பவுண்டுக்கு யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தொகையில் பொதுமக்கள் அனுப்பிய நன்கொடையும் உண்டு.

2006-ல் பெரிய அளவில் பழுதுபார்ப்பு தொடங்கியபோது ஓராண்டு வாக்கில் முடிந்துவிடும், பத்து லட்சம் பவுண்டுக்குள் அடங்கிவிடும் என்றே எண்ணினார்கள். இன்ஜின் சொந்த நீராவியில் மறுபடி நகர்ந்தது 2016 ஜனவரியில். செலவு 42 லட்சம் பவுண்டு. இடையில் அருங்காட்சியகம் வெளிப் பொறியாளர்களைக் கொண்டு நடந்ததை ஆராய்ந்து, அறிக்கையை மறைக்காமல் பொதுவில் வைத்தது. அது பாராட்டத்தக்க செயல். பழைய இன்ஜின் ஒன்றை மீட்க நினைக்கும் எந்தக் குழுவுக்கும் அந்தப் பத்தாண்டுகளைவிடச் சிறந்த பாடம் இல்லை. அங்கே நடந்த தவறுகள் பலவற்றுக்கும் வேர், இன்ஜினின் புகழ். எல்லோரும் அதைப் பார்க்கத் துடிக்கிறார்கள். அந்த அவசரம் பணிமனைக்குள் புகுந்துவிடுகிறது.

பிரிக்கும் முன்பே மதிப்பீடு போடுவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். நின்றுகொண்டிருக்கும் இன்ஜினைச் சுற்றி வந்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, கடந்த ஆண்டு ஓடியதுதானே என்ற நம்பிக்கையில் ஒரு தொகையையும் ஒரு தேதியையும் எழுதுகிறார்கள். நீராவி இன்ஜினில் மோசமான சேதங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். பாய்லர் உறைக்கும் அதன் மேல் சுற்றிய வெப்பக்காப்புக்கும் அடியில் அரிப்பு. நிலக்கரி எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் பிணைக்கும் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகளில் எது உள்ளே முறிந்திருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. சக்கரங்களைக் கழற்றாமல், பாய்லரைச் சுமக்கும் அடிச்சட்டகமான ஃபிரேமின் உட்புறத்தைச் சரியாகப் பார்க்கவே முடியாது.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே பணம் ஒதுக்க வேண்டும். முதல் கட்டம் பிரிப்பதும் சோதிப்பதும் மட்டும்: பாய்லரைத் தூக்கி வெளியே வைப்பது, சக்கரங்களை உருட்டி எடுப்பது, ஃபிரேமைச் சுரண்டி வெறும் உலோகமாக்குவது, அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் தடிமனை அளப்பது, விரிசல் சோதனை. முடிவுகள் கையில் வந்த பிறகே இரண்டாம் கட்டத்துக்கான தொகையைப் பேச வேண்டும். நன்கொடையாளர்களுக்கு இது பிடிக்காதுதான். பிரித்துப் போட்ட இரும்புக் குவியலுக்கு யார் பணம் தருவார்கள் என்று நிர்வாகிகள் கேட்பார்கள். நேர்மையாக எடுத்துச் சொன்னால் தருவார்கள் என்பதே என் எண்ணம். ஒருமுறை அறிவித்த தேதி மூன்று முறை தள்ளிப்போன பிறகு கேட்கும் பணம்தான் கிடைக்காது.

பாய்லரையே பார்த்து ஃபிரேமை மறப்பது

பாய்லருக்குச் சட்டம் இருக்கிறது, ஆய்வாளர் இருக்கிறார், சான்றிதழ் இருக்கிறது. பிரிட்டனில் பெரிய பழுதுபார்ப்புக்குப் பின் வழக்கமாகப் பத்தாண்டு வரை ஓடலாம். பிறகு மறுபடி பிரித்தாக வேண்டும். அதனால் எல்லோர் கவனமும் பணமும் பாய்லருக்கே போகிறது. ஃபிரேமைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனைச் சிக்க வைத்தது அந்த ஃபிரேம்தான். 2011 மே மாதம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் கறுப்பு வண்ணத்தில் இன்ஜினை மக்கள் முன் நிறுத்தினார்கள். வேலை முடியும் தறுவாயில் இருப்பதாகவே எல்லோரும் நம்பினார்கள். அதன் பிறகுதான் ஹார்ன்ஸ்டேகளில் விரிசல்கள் இருப்பது தெரிந்தது. அச்சின் பேரிங் பெட்டி மேலும் கீழும் நகர ஃபிரேமில் ஓர் இடைவெளி இருக்கும். அதன் அடிப்பக்கத்தை இறுக்கிப் பிடிக்கும் துண்டுக்கு ஹார்ன்ஸ்டே என்று பெயர். அங்கே விரிசல் என்றால் மற்ற இடங்களையும் தேட வேண்டும். தேடத் தேட வேலை பெருகியது. பூசிய வண்ணத்தோடு இன்ஜின் மறுபடி பிரிக்கப்பட்டது.

இந்த வகை இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர்கள். வெளியே இரண்டு, நடுவே ஒன்று. சிலிண்டருக்குள் நீராவியை விடுவதும் வெளியேற்றுவதும் வால்வு. நடு சிலிண்டரின் வால்வுக்குத் தனி இயக்க அமைப்பு கிடையாது. வெளிப்புற வால்வுகள் இரண்டின் அசைவையும் நெம்புகோல்களால் கூட்டி நடு வால்வை இயக்குவது கிரெஸ்லியின் ஏற்பாடு. அழகான யோசனை. ஆனால் நெம்புகோல்களை இணைக்கும் பின்களிலும் அவை சுழலும் உலோக வளையங்களான புஷ்களிலும் கொஞ்சம் தேய்மானம் வந்தாலும் அதெல்லாம் சேர்ந்து நடு வால்வில் பெரிதாகத் தெரியும். வேகமாக ஓடும்போது நடு சிலிண்டர் தன் பங்குக்கு மேல் வேலை செய்யும். அதன் பெரிய பேரிங் சூடேறும். பழைய பின்னைத் துடைத்து, எண்ணெய் போட்டு, இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று திரும்ப மாட்டுவது இந்த இன்ஜினில் கூடவே கூடாது. ஃபிரேம், மூன்று சிலிண்டர்களின் மையக்கோடு, அச்சுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் இருக்கின்றனவா என்று கருவியால் அளந்து, தாளில் எழுதி, பிறகுதான் ஒரு போல்ட்டை இறுக்க வேண்டும்.

கிடைத்த பாகத்தைப் பொருத்திவிடுவது

டான்காஸ்டரில் இன்ஜினோடு பாய்லர் நிரந்தரமாக இருந்ததில்லை. பணிமனையில் பாய்லர்கள் வரிசையில் இருக்கும். பழுதுபார்ப்புக்கு வரும் இன்ஜின் தயாராக உள்ள ஒன்றை வாங்கிக்கொண்டு போகும். எனவே பாகம் மாறுவது வரலாற்றுக்கு விரோதம் இல்லை. கணக்குப் போடாமல் மாற்றுவதே பிழை.

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் ஏ1 வகையாகப் பிறந்தபோது பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 180 பவுண்டு. 1947-ல் ஏ3 ஆக மாற்றியபோது 220. பாதுகாக்கப்பட்ட காலத்தில் ஏ4 வகையின் பாய்லரை மாட்டினார்கள். 1990களின் பழுதுபார்ப்புக்குப் பின் 250 பவுண்டு அழுத்தத்தில் ஓடியது. பிஸ்டனைத் தள்ளும் விசை அழுத்தத்தோடு நேராக ஏறும். 220-லிருந்து 250 என்றால் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதல். அந்த விசை முழுவதையும் தாங்க வேண்டியது பழைய ஃபிரேமும் பழைய பேரிங்குகளும்தான். அருங்காட்சியகம் கடைசியில் ஏ3 பாய்லருக்கே திரும்பியது. அது சரியான முடிவு.

பழைய வரைபடத்தை நம்பி இரும்பை அளக்காமல் விடுவதும் இதே குடும்பத்துத் தவறு. டியூக் ஆஃப் குளோஸ்டர் என்ற இன்ஜினின் கதையைப் பாருங்கள். 1954-ல் அந்த வகையில் ஒன்றே ஒன்று கட்டினார்கள். நிலக்கரியை விழுங்கும், நீராவி போதாது என்ற கெட்ட பெயரோடு 1962-ல் ஓய்வு பெற்றது. வேல்ஸின் பாரி பழைய இரும்புக் கிடங்கில் முக்கிய பாகங்கள் இல்லாமல் கிடந்ததை 1974-ல் ஆர்வலர்கள் வாங்கினார்கள். ஒவ்வொரு பாகத்தையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு வந்தபோது, ஃபயர்பாக்ஸுக்கு அடியில் காற்று நுழையும் திறப்புகள் வரைந்ததைவிடச் சிறிதாகக் கட்டப்பட்டிருப்பது தெரிந்தது. அதைச் சரிசெய்தார்கள். 1986-ல் மறுபடி நீராவி ஏற்றிய அந்த இன்ஜின், பணியில் இருந்த நாட்களில் ஒருபோதும் ஓடாத அளவுக்குச் சிறப்பாக ஓடியது. முப்பது ஆண்டுகளாக வடிவமைப்பின் மீது சுமத்திய பழியில் ஒரு பங்கு, கட்டுமானப் பிழையினுடையது! தன்னார்வலர்கள் பொறுமையாக அளந்ததால் மட்டுமே அது வெளிவந்தது.

எந்தக் காலத்து இன்ஜின் என்று முடிவு செய்யாதது

ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனை மக்கள் நினைவில் வைத்திருப்பது 4472 என்ற எண்ணோடும் ஆப்பிள் பச்சை நிறத்தோடும். இரட்டைப் புகைபோக்கி வந்தது 1950களின் இறுதியில். அதன் வழியே புகை மென்மையாக வெளியேறி, பாய்லரை ஒட்டித் தாழ்ந்து, ஓட்டுநரின் கண்ணை மறைத்தது. அதற்காகவே 1961-ல் புகையை விலக்கும் பக்கத் தகடுகளை மாட்டினார்கள். அப்போது அதன் எண் 60103, நிறம் பிரிட்டிஷ் ரயில்வேயின் கரும்பச்சை. ஆகவே ஆப்பிள் பச்சையும் பக்கத் தகடுகளும் ஒரே இன்ஜினில் சேர்ந்திருந்தால் அப்படி ஒரு தோற்றம் அதன் பணிக்காலத்தில் இருந்ததே இல்லை. 2016-ல் 60103 ஆகவே வெளிவந்தபோது சிலர் ஏமாற்றம் அடைந்தார்கள். எனக்கு அது நேர்மையான தேர்வாகவே படுகிறது. எந்த ஆண்டின் தோற்றம் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டால் பின்னால் சண்டை இருக்காது.

பாய்லரில் அவசரம்

இதில் நேரும் தவறு உயிரை எடுக்கும். 220 பவுண்டு அழுத்தத்தில் பாய்லருக்குள் இருக்கும் நீரின் வெப்பம் 200 டிகிரி செல்சியஸ் அளவில். ஃபயர்பாக்ஸின் மேல்தகட்டை அந்த நீர் எப்போதும் மூடியிருக்க வேண்டும். நீர் இறங்கித் தகடு வெளிப்பட்டால், அடியில் எரியும் தீயில் அது மென்மையாகி, அழுத்தம் தாங்காமல் பிளக்கும். அழுத்தம் போன நொடியில் நீர் நீராவியாகப் பொங்கி ஓட்டுநர் அறைக்குள் பாயும்.

1995 ஜூன் 16-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் ரயில்பாதையின் 1278 எண் இன்ஜினில் இதுதான் நடந்தது. சுற்றுலா ரயிலை இழுத்துக்கொண்டிருந்தபோது மேல்தகடு செயலிழந்து, இன்ஜினில் இருந்த மூவர் சுடுபட்டார்கள். நீர்மட்டம் காட்டும் அமைப்பு உட்பட பாய்லரின் பராமரிப்பு சரியாக இல்லாததை விசாரணை சுட்டியது. 2000-ல் அந்நாட்டில் திருத்திய நீராவி இன்ஜின் விதிகள் நடைமுறைக்கு வர அந்த விபத்து ஒரு காரணம். நீர்மட்டக் கண்ணாடியின் குழாய்கள் அடைத்திருந்தால் கண்ணாடி பொய் சொல்லும். அவற்றை ஒவ்வொரு நாளும் ஊதிச் சோதிக்க வேண்டும். நீர் இறங்கித் தகடு சூடேறினால் உருகி எச்சரிக்கும் மேல்தகட்டின் ஈய பிளக்குகளை நேரத்துக்கு மாற்ற வேண்டும்.

குளிர்ந்த பாய்லரை விரைந்து சூடாக்குவதும் தவறு. செம்பு ஃபயர்பாக்ஸும் எஃகு உறையும் ஒரே அளவில் விரிவதில்லை. முந்தைய நாளே சிறு தீ மூட்டி மெல்ல வெப்பமேற்றினால் ஸ்டே போல்ட்டுகள் பிழைக்கும். காலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள் என்பதற்காக அதைச் சுருக்குபவர், பத்தாண்டு ஆயுளில் இரண்டாண்டை அன்றே செலவழிக்கலாம்.

கழற்றியதைத் தூக்கி எறிவது

ஓட வேண்டிய இன்ஜினில் பழைய உலோகத்தை வெட்டிப் புதியதைப் பொருத்தத்தான் வேண்டும். வெட்டிய துண்டில் பழைய பணிமனையின் முத்திரை எண்கள் இருக்கலாம். எந்த இன்ஜினிலிருந்து எது வந்தது என்று அவைதான் சொல்லும். ஆகவே கழற்றும் ஒவ்வொன்றுக்கும் எண், புகைப்படம், எடுத்த இடம். புதிய பாகத்தில் செய்த ஆண்டைப் பொறிக்க வேண்டும்.

சில இன்ஜின்களை ஓட வைக்காமல் இருப்பதே பொறுப்பு. 1829-ன் ராக்கெட் அசல் அப்படியே நிற்கிறது. ஓடிக் காட்டுவதற்கு 1979-ல் ஒரு நகல் செய்தார்கள். 1938-ல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடிய மல்லார்ட் இன்று யார்க்கில் அசையாமல் நிற்கிறது. ஓடும் ஆசைக்குப் புது இன்ஜினையே கட்டலாம் என்பதற்கு 2008-ல் நீராவி ஏற்றிய டொர்னாடோ சாட்சி. இந்தக் கேள்வியைப் பணம் திரட்டத் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஓட்டுவது என்று முடிவானால், அடுத்த பெரிய பழுதுபார்ப்புக்கான சேமிப்பு முதல் பயணத்தின் வருமானத்திலிருந்தே தொடங்க வேண்டும். இப்போது எழுதி வைக்கும் அளவுகளையும் சோதனை முடிவுகளையும் பத்தாண்டு கழித்து வரும் குழு கையில் எடுத்துப் படிக்கும்படி ஒரே இடத்தில் வைக்க வேண்டும்.