சொந்த உடையைத் தைக்கப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தையல் பழகும் ஒருவர், தைத்த உடை உடம்பில் சரியாக அமையவில்லை என்றதும் முதலில் குறை சொல்வது தையல் இயந்திரத்தை. அடுத்ததாகத் தம் கையை. இரண்டுமே பெரும்பாலும் குற்றமற்றவை. குர்த்தியின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்புறம் வந்து நின்றால், அது தைக்கும்போது நேர்ந்த பிழையன்று. துணியை மேசையில் விரித்து மடித்தபோதே நேர்ந்துவிட்ட பிழை. ரவிக்கை இரண்டாம் சலவைக்குப் பிறகு உள்ளே சுருங்கிச் சுருண்டால், காரணம் துணியை வாங்கி வந்த அன்றைக்கே இருந்தது. தையலில் ஒரு கோளாறு கண்ணில் படும் இடம் வேறு, அது உண்டான இடம் வேறு என்பதைப் புரிந்துகொள்ளாததால்தான் பலர் மாதக்கணக்கில் தைத்தும் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

தவறுகளின் வரிசையில் முதலாவது, எதைத் தைப்பது என்ற தேர்வு. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தையல் கற்க நினைப்பதே ரவிக்கைக்காகத்தான். தையற்கூலி ஏறிக்கொண்டே போகும் காலத்தில் அந்த ஆசை இயல்பானது. ஆனால் வீட்டில் தைக்கும் உடைகளில் ரவிக்கையைப் போலக் கடினமானது வேறொன்றும் எளிதில் நினைவுக்கு வரவில்லை. நீட்சி இல்லாத நெசவுத் துணியை, உடம்பின் வளைவுகளோடு ஒட்டி நிற்கும்படி, டாட் (துணியைக் கூம்பாக மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்து, கை வைத்து, கழுத்துக்குப் பட்டி அடித்து, கொக்கி கட்டி முடிக்க வேண்டிய உடை அது. அரை அங்குலப் பிழையை நைட்டி விழுங்கிவிடும், ரவிக்கை விழுங்காது. ஆகவே தலையணை உறையில் நேர்கோட்டுத் தையலையும், உள்பாவாடையில் நாடா நுழைக்கும் மடிப்பையும் கொசுவத்தையும், நேர்வெட்டுக் குர்த்தியில் கழுத்தையும் கையையும் பழகிவிட்டு, அதன்பின் ரவிக்கைக்கு வருவதே சரியான ஏறுமுறை. துணியிலும் இதே நிதானம் வேண்டும். சாட்டின், ஜார்ஜெட், சிஃபான் ஆகியவை மேசையில் வழுக்கி, கத்தரியின் கீழே நகர்ந்து, குறித்த கோட்டை ஏமாற்றிவிடும். டி-சர்ட் துணி போன்ற பின்னல் துணிகளை நேர்த்தையல் மட்டுமே போடும் சாதாரண இயந்திரத்தில் தைத்தால், துணி நீளும்போது தையல் நீளாமல் நூல் அறுந்துவிடும். பாப்ளின், கதர், நடுத்தரக் கனமுள்ள பருத்தி ஆகியவையே பழகுவோருக்கு ஏற்றவை.

வாங்கிய துணியை நனைக்காமல் வெட்டுவது அடுத்த தவறு. நெசவின்போது இழுத்துப் பிடிக்கப்பட்ட நூல்கள் முதன்முறையாக நீரில் நனையும்போது தளர்ந்து சுருங்குகின்றன; பருத்தித் துணி நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்குவது வழக்கம், அதுவும் அகலத்தைவிட நீளத்தில் கூடுதலாக. 42 அங்குல நீளமுள்ள குர்த்தி நூற்றுக்கு 4 பங்கு சுருங்கினால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் அங்குலம் மறைந்துபோகும். துணியை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. மேல்துணியை நனைத்துவிட்டு லைனிங்கை மறந்துவிடுபவர்களும் உண்டு. லைனிங் பெரும்பாலும் மலிவான பருத்தி என்பதால் அதுதான் அதிகம் சுருங்கும். மேல்துணி சுருங்காத செயற்கை இழையாக இருந்தால், ஒரு சலவையிலேயே உள்துணி இழுக்க, வெளித்துணி சுருக்கம் சுருக்கமாகப் புடைத்து நிற்கும். பட்டுத் துணியை நனைக்க வேண்டாம். ஆனால் அதற்குள் வைக்கும் லைனிங்கைக் கட்டாயம் நனைக்க வேண்டும்.

பாவு, ஊடை என்னும் இரு நூலோட்டங்களின் திசையைப் பொருட்படுத்தாமல் வெட்டுவதே, என் கருத்தில், தொடக்கநிலையில் நேரும் தவறுகள் எல்லாவற்றிலும் பெரிது. துணியின் கரைக்கு இணையாக ஓடுவது பாவு, அதன் குறுக்கே ஓடுவது ஊடை. உடையின் நீளவாட்டம் அந்தப் பாவோடு ஒத்திருந்தால்தான் உடை நேராகத் தொங்கும். அரை அங்குலம் துணி மிச்சமாகும் என்று வடிவத்தைச் சற்றே சாய்த்து வைத்து வெட்டினால், தைத்த அன்று ஒன்றும் தெரியாது. சில முறை உடுத்தித் துவைத்த பிறகு உடை தன் நூலோட்டத்தின் போக்கிலேயே முறுக்கிக்கொள்ளும். துணிக்கடையில் பருத்தித் துணியின் ஓரத்தில் சிறிது வெட்டிவிட்டுக் கையால் கிழித்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். அது அவசரத்தால் அன்று. கிழிசல் ஊடை நூலை ஒட்டியே செல்வதால் ஓரம் பிசகாமல் நேராக அமைகிறது. கத்தரியால் வெட்டித் தரப்பட்ட துணியாக இருந்தால், ஓரத்திலிருந்து ஓர் ஊடை நூலை உருவிப் பார்த்து, அது விட்டுச்சென்ற கோட்டில் வெட்டி ஓரத்தை நேர்படுத்திக்கொண்ட பிறகே மடிக்க வேண்டும். கழுத்துக்கு வைக்கும் கிராஸ் பட்டி மட்டும் இதற்கு விலக்கு. அதைக் கரைக்கு 45 பாகைச் சாய்வில் வெட்டினால்தான் அது வளைவோடு வளைந்து படியும். மீந்த துணியில் கிடைத்த திசையில் வெட்டிய பட்டி, கழுத்தைச் சுற்றி மடங்கி மடங்கித்தான் நிற்கும்.

அளவு எடுப்பதில் நேரும் பிழைகள் பல வகை. தமக்குத் தாமே அளவெடுக்கும்போது கையைத் தூக்கியும் குனிந்தும் பார்ப்பதால் டேப் முதுகுப்பக்கம் கீழிறங்கிவிடும். ஆகவே வேறொருவரை எடுக்கச் சொல்வதே நல்லது. பழைய ‘அளவு ஜாக்கெட்’டை வைத்து வெட்டுபவர்கள் கொக்கிகளைப் பூட்டிய பிறகே அதை விரித்து அளக்க வேண்டும், பூட்டாமல் அளந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பட்டியின் அகலம் கணக்கில் சேர்ந்து, புதிய ரவிக்கை தொளதொளத்துவிடும். பல ஆண்டுகள் உடுத்திய ஜாக்கெட் அக்குளிலும் முதுகிலும் உடம்புக்கேற்ப இளகியிருக்கும் என்பதால், அதையும் உடல் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது.

உடல் அளவும் உடையின் அளவும் ஒன்றல்ல என்பது பலருக்கு முதல் உடை இறுக்கிப் பிடித்த பிறகுதான் தெரிகிறது. மூச்சு விடவும் உட்காரவும் கையை அசைக்கவும் இடம் வேண்டும். அதற்கு விடும் கூடுதல் அளவைத் தையற்காரர்கள் ‘லூஸ்’ என்பார்கள். மார்புச் சுற்றளவு 36 அங்குலம் உள்ளவருக்குச் சாதாரணக் குர்த்தி 39 அல்லது 40 அங்குலத்தில் அமைய வேண்டும். கணக்கு இங்கேதான் தடுமாறுகிறது. துணியை நான்காக மடித்து வெட்டும்போது குறிப்பது சுற்றளவில் கால் பங்கு. எனவே 4 அங்குல லூஸுக்கு ஒரு பகுதியில் 1 அங்குலம் மட்டுமே சேர்க்க வேண்டும். மறந்துபோய் 4 அங்குலத்தையும் அந்தப் பகுதியிலேயே சேர்த்தால், உடையில் 16 அங்குலம் கூடிவிடும். இதன் மறுபக்கமும் உண்டு. தைக்கும்போது பக்கவாட்டில் கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்தால் அது கால் அங்குலத்தோடு நிற்பதில்லை. இரு பக்கத் தையல்களில் முன்னும் பின்னுமாக நான்கு ஓரங்களில் நேர்வதால், சுற்றளவில் ஒரு முழு அங்குலம் குறைந்துவிடும்.

வெட்டும்போது நேரும் சில பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மடிப்பில் வைத்து வெட்டும் கழுத்தின் அகலம் பாதி அளவாகக் குறிக்கப்பட வேண்டும். முழு அளவைக் குறித்தால் உடை தோளில் நிற்காது. சந்தேகம் வந்தால் கழுத்தைச் சிறியதாகவே வெட்ட வேண்டும், ஏனெனில் சிறிய கழுத்தைப் பெரிதாக்கலாம், பெரிய கழுத்தைச் சிறிதாக்க முடியாது. கையின் முன்புற வளைவு பின்புறத்தைவிடச் சற்று உள்வாங்கி வெட்டப்படுவதால், இரண்டு கைத் துணிகளையும் எதிரெதிராக வைத்து வெட்டாவிட்டால் இரண்டு இடக்கைகள்தாம் கிடைக்கும். பூக்கள் ஒரே திசை நோக்கும் அச்சுத் துணியில், முன்பக்கப் பூ நிமிர்ந்தும் பின்பக்கப் பூ கவிழ்ந்தும் நிற்காதபடி கவனிக்க வேண்டும். துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது என்ற பழைய எச்சரிக்கை இன்றும் செல்லும்.

ஆர்ம்ஹோல் எனப்படும் கைக்குழி மட்டும் சற்று விரிவான விளக்கத்துக்கு உரியது; இங்கே உள்ளுணர்வு நம்மைத் தவறான வழியில் இட்டுச்செல்கிறது. கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் மேலேறினால், அக்குளில் இறுக்கம் இருப்பதாக நினைத்துக் கைக்குழியை இன்னும் ஆழமாக வெட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது நிலைமையை மோசமாக்கும். கை உடற்பகுதியோடு இணையும் இடம் அக்குளுக்கு அருகில் இருந்தால், கையைத் தூக்கும்போது கைத்துணி மட்டும் அசையும். அந்த இணைப்பு விலாவை நோக்கிக் கீழிறங்க இறங்க, தூக்கப்படும் கை உடற்பகுதித் துணியையும் சேர்த்தே இழுக்கும். எனவே மேலேறும் ரவிக்கைக்கு ஆழம் குறைந்த கைக்குழியும், போதுமான அகலமுள்ள கையுமே மருந்து. மார்பளவை வைத்துக் கைக்குழியைக் கணக்கிடும் சூத்திரங்கள் நடுத்தர உடல்வாகுக்கு ஏற்பட்டவை. மார்பு பெரியதாகவும் புயம் மெலிந்தும் உள்ளவருக்கு அவை எப்போதும் ஆழமான கைக்குழியையே தரும். டாட் பிடிக்கும்போதும் இதுபோன்ற ஒரு நுட்பம் இருக்கிறது. டாட்டின் முனை மார்பின் உச்சியைத் தொடக் கூடாது; ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். தொட்டால் அங்கே துணி கூர்மையாகப் புடைக்கும்.

இனி இயந்திரம். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதே இயந்திரத் தையல். துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், எல்லோரும் கீழ்நூல் சுற்றிய பாபினையும் அதன் உறையான பாபின் கேஸையும் கழற்றிப் பார்க்கிறார்கள்; ஆனால் அடியில் தொங்குவது தளர்ந்துபோன மேல்நூல். பெரும்பாலும் அது நூலின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டென்ஷன் வட்டுகளுக்கு இடையே சரியாக நுழைந்திருக்காது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் இறங்கியிருக்கும்போது அந்த வட்டுகள் நெருங்கி மூடியிருக்கும் என்பதால், ஃபுட்டைத் தூக்கிவிட்டே மேல்நூல் கோக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் பல மெக்கானிக் கட்டணங்களை மிச்சப்படுத்தும்.

ஊசியைப் பற்றிய அலட்சியம் மிகப் பரவலானது. வீட்டு இயந்திர ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாகவும், தையற்கடை வேக இயந்திர ஊசியின் தண்டு முழு உருண்டையாகவும் இருக்கும். ஒன்றை மற்றொன்றில் மாட்டக் கூடாது. ஊசியில் நீளமாக ஓடும் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்தே நூல் கோக்க வேண்டும். மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, கனமான துணிக்கு 16 என்ற எண்களை நினைவில் வைத்தால் போதும். முறியும்வரை ஒரே ஊசியில் தைப்பது சிக்கனமன்று. முனை மழுங்கிய ஊசி துணி நூலை இழுத்துச் சுருக்கும், தையலையும் விட்டுவிட்டுப் போடும். எண்ணெய் விடும் இடத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது நாளடைவில் பிசினாக இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். தையல் இயந்திரத்துக்கென விற்கும் மெல்லிய எண்ணெயைத் தவிர வேறெதுவும் கூடாது. கால்மிதி இயந்திரத்தில் பழகுவோர், சக்கரம் எப்போதும் தம்மை நோக்கியே சுழலும்படி மிதிக்கக் கால் பழகும்வரை, நூல் கோக்காமல் கோடு போட்ட தாளில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் நூல் சிக்கி அறும்.

தைக்கும்போது துணியைக் கையால் இழுக்கக் கூடாது; அதை நகர்த்துவது கீழேயுள்ள பற்களின் வேலை, திசை காட்டுவது மட்டுமே கையின் வேலை. ஒவ்வொரு தையலையும் முடித்தவுடன், அடுத்த தையல் அதன் குறுக்கே போகும் முன்பு, இஸ்திரி போட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் தைத்து முடித்துவிட்டு இறுதியில் ஒருமுறை போடும் இஸ்திரி இதற்கு ஈடாகாது. கழுத்து வளைவில் பட்டியைத் திருப்பும் முன், தையலைத் தொடாமல் சிறு சிறு வெட்டுகள் கொடுத்தால்தான் வளைவு படியும்.

பக்கத் தையலை இயந்திரத்தில் போடுமுன் கையால் நீண்ட ஓடு தையல் போட்டு, உடுத்திப் பார்ப்பதைப் பலர் வீண்வேலை என்று விட்டுவிடுகிறார்கள். பத்து நிமிட ஓடு தையலைப் பிரிப்பது எளிது. நெருக்கமான இயந்திரத் தையலைப் பிரிக்கும்போது துணியே கிழியலாம். ரவிக்கையாக இருந்தால் பழைய பருத்திச் சேலையில் ஒரு மாதிரி தைத்து, திருத்தங்களை அதில் செய்துகொள்வது இன்னும் மேல். பக்கவாட்டில் உள்ளே ஓர் அங்குலமாவது துணி விட்டிருப்பதும், பிற்பாடு உடல் பருத்தால் பிரித்துத் தைக்க உதவும். ஆனால் ஓரம் பிரியாமல் இருக்க உடையைக் கடையில் ஓவர்லாக் போடக் கொடுப்பவர்கள் ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஓவர்லாக் இயந்திரத்தில் உள்ள கத்தி ஓரத்தை வெட்டிக்கொண்டேதான் தைக்கும். சொல்லாவிட்டால் நீங்கள் கவனமாக விட்டு வைத்த அந்த ஓர் அங்குலமும் குப்பைக்குப் போய்விடலாம். ஆகையால் ஓவர்லாக்கைத் துணியின் விளிம்பை ஒட்டியே போட வேண்டும் என்று சாக்பீஸால் கோடிட்டுக் கொடுத்துவிடுவது நல்லது.