கிட் காரைத் தகுதிச் சோதனைக்குத் தயார் செய்வது எப்படி?

கிட் கார் (பாகங்களின் தொகுப்பை வாங்கித் தாமே கட்டும் கார்) கட்டுபவர்கள் இன்ஜினைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். சோதனை அதிகாரியின் கண் போகிற இடமே வேறு: ஓரம் மழுக்காத ஒரு தகடு, ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பிரேக் பைப், மூடி இல்லாத ஒரு போல்ட். இந்த வழிகாட்டி பிரிட்டனின் ஐ.வி.ஏ. சோதனையை ஒட்டி எழுதியது. 2009-இல் பழைய எஸ்.வி.ஏ. முறைக்குப் பதிலாக வந்த தனி வாகன ஒப்புதல் சோதனை இது.

முதல் வேலை: கையேட்டை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றுங்கள்

அதிகாரி எதை வைத்துச் சோதிக்கிறாரோ, அந்தக் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சிட்டு, ஒவ்வொரு பிரிவையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பென்சிலால் குறியுங்கள். 'இது சரியாத்தான் இருக்கும்' என்று தோன்றும் இடத்தில் இரண்டு தடவை பாருங்கள்.

கூர்மையான ஓரங்கள்

நேரம் அதிகம் பிடிப்பது இதுதான். வெளிப்புறத்தில் 100 மி.மீ. விட்டமுள்ள உருண்டை தொடக்கூடிய எந்த விளிம்பும் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு வளைந்திருக்க வேண்டும். நடந்து போகிறவர் மேல் வண்டி உரசினால் கிழிக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

அதே அளவில் ஒரு பந்தை எடுத்துச் சுண்ணக்கட்டித் தூளில் புரட்டி, வண்டியின் மேல் உருட்டுங்கள். தூள் ஒட்டுகிற விளிம்பெல்லாம் சோதனைக்கு உட்பட்டது. உருண்டை நுழையாத இடுக்கை விட்டுவிடலாம். ஆரத்தை அளக்க ரேடியஸ் கேஜ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் 5 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான தண்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் வளைவு சரியாக 2.5 மி.மீ. ஆரம்தான்.

முன் சக்கர மட்கார்டின் விளிம்பு, கண்ணாடியைத் தாங்கும் பிராக்கெட், சஸ்பென்ஷன் போல்ட் முனைகள், நம்பர் பிளேட் மூலை ஆகியவற்றில்தான் தூள் அதிகம் ஒட்டும். அரத்தால் ராவி உருட்டுங்கள். முடியாத இடத்தில் ரப்பர் டிரிம் மாட்டி, போல்ட்களுக்கு பிளாஸ்டிக் மூடி போடுங்கள். கையால் இழுத்ததும் கழன்று வந்தால் அந்த டிரிம் இருந்தும் பிரயோஜனமில்லை, ஒட்டிவிடுங்கள். இப்படி ரப்பர் சுற்றிய கார் பார்க்க அழகாக இருக்காது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

காரின் உள்ளே டேஷ்போர்டு பகுதிக்கு 165 மி.மீ. உருண்டை. அங்கே சுவிட்சுகளையும் டேஷின் கீழ் விளிம்பையும் கவனியுங்கள்.

பிரேக்

முன் சக்கரங்கள்தான் முதலில் லாக் ஆக வேண்டும். பின் சக்கரம் முந்திக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். பெடலில் பயாஸ் பார் (முன், பின் பிரேக்குகளுக்கு விசையைப் பங்கிடும் தண்டு) வைத்திருந்தால், சரிசெய்த பிறகு யாரும் திருக முடியாதபடி பின் (pin) அடித்தோ வெல்டு வைத்தோ நிரந்தரமாகப் பூட்டிவிடுங்கள்.

அப்புறம் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்க விட்டு, ஒருவரை ஸ்டீயரிங்கைக் கடைசி வரை இரு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் கீழே குனிந்து பிரேக் ஹோஸைப் பாருங்கள்: எங்காவது இழுபடுகிறதா, டயரில் உரசுகிறதா? பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் துடையுங்கள். துளி ஈரம் இருந்தாலும் அவிழ்த்துத் திரும்பப் பொருத்துங்கள். பிரேக் ஆயில் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கும் வேலை செய்ய வேண்டும்.

நட், போல்ட்

டார்க் ரெஞ்சில் (குறித்த அளவு விசைக்கு முறுக்கும் ஸ்பேனர்) முறுக்கியதும் நட்டிலிருந்து போல்ட் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். கோடு உடைந்து நின்றால் நட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நைலாக் நட்டின் நைலான் வளையத்தைத் தாண்டிப் போல்ட்டின் மரை வெளியே தெரிய வேண்டும். கழற்றிய நைலாக் நட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

ஸ்டீயரிங், ஸ்பீடோமீட்டர்

எடை குறைந்த கிட் கார்களில் அடிக்கடி இடறுவது ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்புவது. காலியான தனியார் இடத்தில் மெதுவாக வட்டமடித்துப் பிடியைத் தளர்த்துங்கள். சக்கரம் நடுவை நோக்கி வராவிட்டால் காஸ்டர் கோணத்தை (பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) கூட்டிப் பாருங்கள். டயர் காற்றையும் சரிபாருங்கள், அதுவும் காரணமாக இருக்கும்.

ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கொஞ்சம் கூட்டிக் காட்டினால் பரவாயில்லை. டிஜிட்டல் மீட்டர் என்றால், ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று தள்ளி, தரையில் நகர்ந்த தூரத்தை அளந்து அதையே மீட்டரில் பதியுங்கள்.

விளக்குகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: பின் ஃபாக் லேம்ப் ஒன்றே ஒன்று என்றால், பிரிட்டனில் அது நடுவிலோ வலப்புறத்திலோ இருக்க வேண்டும்.

காகிதங்களும் சோதனை நாளும்

சேசிஸ் எண் வண்டியின் சட்டகத்தில் அழியாதபடி பொறிக்கப்பட்டு, விண்ணப்பத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இன்ஜின் எந்த ஆண்டுடையது என்பதற்கு ஆதாரம் வையுங்கள். எந்தப் புகை வரம்பு பொருந்தும் என்பது அதைப் பொறுத்தது.

போகும்போது ஸ்பேனர் செட், ஃபியூஸ், பல்பு, கேபிள் டை, மிச்ச டிரிம், போல்ட் மூடிகள் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கட்டும். சின்னக் குறையை அங்கேயே சரிசெய்ய அதிகாரி விடலாம், விடாமலும் போகலாம். தேறவில்லையென்றால் எது எது தவறு என்று எழுத்தில் தருவார்கள். அதைச் சரிசெய்துவிட்டு மறுசோதனைக்குப் பதிவு செய்யுங்கள்.