ஒரே மாநிலத்தில் இரண்டு சென்டர்வில்

அமெரிக்காவில் ஊர்ப்பக்கம் கார் எடுத்துப் போகிறீர்களா? மேப்பில் ஊர்ப் பெயரையும் மாநிலத்தையும் போட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சென்டர்வில் என்ற பெயரில் இரண்டு சிற்றூர்கள். ஒன்று வடமேற்கு மூலையில் கிராஃபோர்ட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி), மற்றொன்று தென்மேற்கில் வாஷிங்டன் கவுண்டியில். தவறான ஊருக்குப் போய் இறங்கினால் அரை நாள் வீண். வாஷிங்டன் டவுன்ஷிப் (கவுண்டிக்குள் இருக்கும் சிறிய உள்ளாட்சிப் பகுதி) என்ற பெயரின் கதை இன்னும் மோசம்: அதே மாநிலத்தில் 20-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன!

அதனால் முகவரி கேட்கும்போதே கவுண்டி பெயரையும், நம்மூர் பின்கோடு மாதிரியான ஜிப் கோடையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். 1963-இல் வந்த இந்த ஐந்து இலக்க எண்ணில் முதல் மூன்று இலக்கங்களே திசை சொல்லிவிடும். 164 என்றால் பென்சில்வேனியாவின் வடமேற்கு; 153, 154 என்றால் தென்மேற்கு.

ஒரு சின்ன சிக்கல். கிராமப்புறங்களில் தபால் முகவரியில் இருப்பது பெரும்பாலும் தபால் நிலையம் இருக்கும் ஊரின் பெயர்தான். வீடு இருக்கும் ஊர் வேறாக இருக்கலாம். வாஷிங்டன் கவுண்டி சென்டர்வில்லில் பல வீடுகளுக்கு பக்கத்து ஊரான பிரவுன்ஸ்வில் பெயரில்தான் கடிதம் வரும். குழம்ப வேண்டாம், ஜிப் கோடையே நம்புங்கள்.

அப்புறம், உள்ளே போகப் போக சிக்னல் கிடைக்காது. வைஃபை இருக்கும்போதே அந்த வட்டார மேப்பை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.