ராத்திரி மூன்று வரி

மாட்டுத்தாவணியில் பஸ் அரை மணி நேரம் லேட்டானால் வீட்டுக்கு வந்தும் அதையே புலம்புவோம். அதே பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது மறந்தே போயிருக்கும். கெட்டதைத்தான் மனது சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

இதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. படுக்கும் முன், அன்று நல்லபடியாக நடந்த மூன்று விஷயங்களை நோட்டில் எழுதுங்கள். அது ஏன் நடந்தது என்றும் ஒரு வரி. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "கீழமாசி வீதிக் கடைக்காரர் நான் மறந்துவிட்டு வந்த குடையை எடுத்து வைத்திருந்தார்" என்றால் போதாது. "போகும்போதெல்லாம் நின்று இரண்டு வார்த்தை பேசுவேன், முகம் தெரியும்" என்பதையும் சேருங்கள். நம் பங்கும் அதில் இருப்பது அப்போதுதான் உறைக்கும்.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இப்படி எழுதியவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் 6 மாதம் வரை குறைந்திருந்தன.

செல்போனில் மட்டும் எழுத வேண்டாம். அப்புறம் வாட்ஸ்அப்பில்தான் உட்கார்ந்திருப்போம்! சோர்வும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் நோட்டு போதாது, டாக்டரைப் பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.